தராசு தின்ற உடைசல்

வலது கை தட்டிலிருந்து பிஸ்கட்டை அள்ளும். இடது கை பையின் வாயை விரித்துப் பிடிக்கும். சரித்து, ஒரு தட்டுத் தட்டி, மின்தராசின் மேல் வைத்தால் இருநூற்றைம்பது என்று சிவப்பு எண் எரியும். எப்போதாவது இருநூற்று நாற்பத்தேழு என்று காட்டினால் அவள் பையைச் சந்தேகப்பட மாட்டாள். தராசைத் தூக்கி அதன் காலடியை ஊதுவாள். தூள் பறக்கும். திரும்ப வைத்தால் இருநூற்றைம்பது.

பொத்தான் அளவுள்ள வெண்ணெய் பிஸ்கட். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண் மாறிவிடும். மற்ற பெண்கள் ஒரு பைக்கு மூன்று முறை போட்டு, எடுத்து, மறுபடி போட்டுச் சரிக்கட்டுவார்கள். இவள் கைக்கு அந்தப் பாடே கிடையாது. அதனால் பேக்கரியில் அவளுக்குப் பெயர் தராசு. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இரண்டு பைகளுக்கு நடுவே இடது கை சும்மா இருக்காது. தட்டில் உடைந்து கிடப்பதைப் பொறுக்கி மேசை ஓரத்துத் தகர டப்பாவில் போடும். உடைசல், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு. வேண்டியவர்கள் வேண்டிய மட்டும் தின்னலாம். மிச்சத்தைச் சாயங்காலம் தூளாக்கிவிடுவார்கள். தராசின் கையில் ஒரு பிடி டப்பாவுக்குப் போனால் அடுத்த பிடி வாய்க்குப் போகும்.

"என்ன தராசு, டப்பா இன்னும் ரொம்பலையே?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து பைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். அவளை எல்லாரும் லேபிள் அக்கா என்பார்கள்.

"இன்னைக்கு உடைசல் கம்மிக்கா."

"அடுப்புக்காரர் காதுல விழுந்தா பூரிச்சுப் போயிடுவாரு. முப்பது வருஷமா அடுப்புக்கிட்ட நிக்கிறாரு, உடையாம ஒரு தட்டு எடுத்ததில்ல."

"இங்க வரைக்கும் கேக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உடையாதது உன் வாய் ஒண்ணுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். தராசும் சிரித்தாள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. நெற்றியில் வியர்த்திருந்தது. தோளில் மயிர் கூச்செறிந்து நின்றது. மூச்சு கொஞ்சம் முட்டியது. அடுப்புச் சூடு என்று சொல்லிப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அது அடுப்புச் சூடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இடது கைக்கும் எடை தெரியும். அதனிடம் அவள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. முதல் நான்கு வருடம் நின்றுகொண்டு செய்தாள். பிறகு ஒருநாள் மழை வருகிறதென்று மாடிக்கு ஓடி, கொடியில் கிடந்த போர்வையை இழுத்தாள். போர்வை கிளிப்பில் மாட்டிக்கொண்டது. பலமாக இழுத்தாள், கிளிப் தெறித்தது, பின்னால் வைத்த கால் கைப்பிடிச் சுவர் எழுப்பாத பக்கமாகப் போய்விட்டது. முதுகின் மேல்பகுதியில் தண்டுவடம் நசுங்கியது. கைகள் இரண்டும் தப்பின. மார்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பான். ஆகவே எல்லாம் அண்ணியின் தலையில் விழுந்தது. "உங்கண்ணன் லாரியைக் கட்டிக்கிட்டாரு, உன்னை எனக்குக் கட்டி வெச்சிட்டாரு" என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சொல்லிக்கொண்டே நாத்தனாரைத் தூக்கி உட்கார வைப்பாள். மறுவாழ்வு மருத்துவமனையில் ஆறு வாரம் கூடவே தங்கிக் கற்றுக்கொண்டவள் அவள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, குடலை வேலை செய்ய வைப்பது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஜனங்கள் பேசத் தயங்குவார்கள். பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தண்டுவடம் அடிபட்டால் குடலும் மந்தமாகிவிடும். ஒரு நாளில் கீழே இறங்க வேண்டியது மூன்று நாள் உள்ளேயே கிடக்கும். வரப்போகிறது என்ற உணர்வும் வராது, வந்துவிட்டதென்றும் தெரியாது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் சூடாக எதையாவது குடிக்கக் கொடுத்து, அரை மணி கழித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து வைத்து, கையுறை போட்ட விரலால் தூண்டிவிட வேண்டும். முழுசாக முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அண்ணி அந்த நேரத்தில் வானொலியில் செய்தி கேட்பாள். வெட்கமெல்லாம் முதல் மாதத்தோடு போயிற்று.

சாப்பாட்டைப் பற்றி வார்டு நர்ஸ் சொல்லி அனுப்பியதும் அண்ணிக்கு மனப்பாடம். "உங்க வயிறு ரொம்பிடுச்சுன்னு உங்களுக்குச் சேதி வராது. பசிக்குதுன்னும் சரியா வராது. கண்ணால பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து சாப்பிடுங்க. வயித்தைக் கேக்காதீங்க. காலும் இடுப்பும் வேலை செய்யாத உடம்புக்கு முன்ன சாப்பிட்டதுல பாதிதான் வேணும். மிச்சமெல்லாம் எடை. அந்த எடையைத் தூக்கப் போறது நீங்க இல்ல, இவங்க." கடைசி வார்த்தைக்கு நர்ஸின் விரல் அண்ணியைக் காட்டியது.

ஏழு வருடம் அப்படித்தான் ஓடியது. பிறகு எடை ஏற ஆரம்பித்தது.

பேக்கரியின் கிடங்கில் மாவு மூட்டை நிறுக்கும் பெரிய எடைமேடை உண்டு. மாதம் ஒருமுறை அடுப்புக்காரர் தராசைச் சக்கர நாற்காலியோடு அதன்மேல் ஏற்றுவார். நாற்காலியின் பதினெட்டு கிலோவைக் கழித்து எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். அண்ணி அதை வாங்கி அடுப்படிச் சுவரில் ஒட்டுவாள். ஐம்பத்தெட்டு அறுபதாகி, அறுபத்துமூன்றாகி, அறுபத்தாறானபோது அண்ணி ஒரு முடிவு எடுத்தாள். எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இனிமே மத்தியானம் இது ஒண்ணு, ராத்திரி இதுல பாதி. காய் எவ்வளவு வேணா போட்டுக்கோ. நானும் அதேதான் சாப்பிடப் போறேன்."

"நீங்க எதுக்கு அண்ணி?"

"உன் முன்னாடி உக்காந்து நான் மட்டும் வாரிக் கொட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்? எனக்கும் கொஞ்சம் வத்தினா தப்பில்ல. உங்கண்ணன் வந்தா என்னை யாரோன்னு நெனச்சு, வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிடட்டும்."

தராசு அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். பேக்கரியில் உடைசல் தின்கிறேன் என்று நாலு வார்த்தை. அப்போது அது பெரிய விஷயமாகக்கூட இருந்திருக்காது; அண்ணி கத்திவிட்டு விட்டுவிடுவாள். அவள் சொல்லவில்லை. நாளை முதல் தின்ன வேண்டாம், பிறகு சொல்ல எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு நாள் தின்னவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் வேலை மந்தமாக இருந்தது. கை டப்பாவுக்குப் போயிற்று. வெண்ணெய் மணமும் உப்பும் நாக்கில் கரைந்தன. நாக்கு போதும் என்று சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியது வயிறு. அதிலிருந்து எட்டு வருடமாக எந்தச் சேதியும் வருவதில்லை. இது காரணம்; சாக்கு ஆகாது. அவளுக்கே அது தெரிந்துதான் இருந்தது.

மாதங்கள் போயின. அறுபத்தாறு அறுபத்தேழாகி, அறுபத்தொன்பதாயிற்று. அண்ணி துண்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்த மனுஷனுக்குக் கழிக்கத் தெரியுமா இல்லையா? ஒரு கிண்ணம் சாப்பிட்டு மூணு கிலோ ஏறுதா? உங்க வம்சமே காத்தைக் குடிச்சு வளருதா?"

"தெரியல அண்ணி."

"தைராய்டா இருக்கும். ரத்தம் குடுத்துப் பாக்கலாம்."

ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டு தராசு கீழே பார்த்தாள். அண்ணி கிண்ணத்தை மாற்றி அதைவிடச் சின்னதாக ஒன்று எடுத்து வைத்தாள். தனக்கும் அதே அளவுதான்.

அண்ணி இளைத்தாள். ரவிக்கையின் தோளைப் பின் குத்திப் பிடித்திருந்தாள். காலையில் தராசைக் கட்டிப் பிடித்துப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முன்னெல்லாம் ஒரே மூச்சில் செய்வாள். இப்போது நடுவில் கட்டிலில் முட்டியை ஊன்றி நின்றாள். ஒருநாள் குனிந்து கால் உறை மாட்டிவிடும்போது அண்ணியின் வயிறு உரக்கக் கூவியது.

"என்ன அண்ணி சத்தம்?"

"உங்கண்ணன் லாரி. வளைவுல திரும்புது."

தராசு சிரிக்க முயன்றாள். அன்றைக்கும் உடைசல் தின்றாள். முந்தின நாளைவிட அதிகமாகத் தின்றாள். தின்றதை நினைத்தால் வருத்தம் வரும். வருத்தம் வந்தால் கை டப்பாவுக்குப் போகும். அதிலிருந்து வெளியே வர அவளுக்கு வழி தெரியவில்லை, வழி தேடவும் இல்லை.

ஒரு பெரிய ஆர்டர் வந்த வாரம் அது. தட்டு தட்டாகப் பிஸ்கட் வந்தது, அதே வேகத்தில் உடைந்தது. சிறுநீர்ப் பை அடிக்கடி நிறைந்தால் வேலை கெடுமே என்று அவள் தண்ணீரையும் குறைத்துக்கொண்டாள். அந்த வாரம் காலைக் கடன் சரியாக இறங்கவில்லை. முதல் முறை கொஞ்சம். இரண்டாம் முறை அதிலும் கொஞ்சம்.

"கிண்ணச் சாப்பாட்டுக்கு இவ்வளவுதான் வரும்," என்றாள் அண்ணி, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

இரண்டு நாள் கழித்துப் படுக்கை விரிப்பில் தண்ணீராகக் கசிந்திருந்தது. மாற்றினாள்; மறுபடியும் கசிந்தது. அண்ணி இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தாள்.

"வெளிய ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல அண்ணி. நீங்க குடுத்ததுதான்."

"உள்ள அடைச்சுக்கிட்டாலும் அதைச் சுத்தி இப்படித் தண்ணியா கசியும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. அடைச்சிருக்கும்போது நிறுத்தற மாத்திரை குடுத்தா ஆபத்து. அதான் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற ஒண்ணும் சாப்பிடலையே?"

கேள்வி அவ்வளவு தெளிவாக வந்தது. பதில் சொல்ல நேரமும் இருந்தது. அண்ணியின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இல்ல அண்ணி," என்றாள்.

"அப்ப அடைக்க உள்ள என்ன இருக்கு? பூனை திங்கற அளவு திங்கற. வயித்துப்போக்குதான்."

அண்ணி நிறுத்தும் மாத்திரை கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். கற்றுக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. கையில் இருந்த கணக்கை வைத்துச் சரியாகத்தான் முடிவு செய்தாள். கணக்கே பொய்.

மூன்றாம் நாள் காலை, தராசுக்குத் தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல வலி கிளம்பியது. முகமும் கழுத்தும் செக்கச்சிவந்து வியர்வை கொட்டியது. மார்புக்குக் கீழே தோல் வெளிறிச் சில்லிட்டுக் கிடந்தது. அண்ணி ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். உடம்பின் கீழ்ப்பகுதியில் எங்கோ தொந்தரவு. அது மூளைக்குப் போய்ச் சேராமல் ரத்த அழுத்தத்தை எகிற வைக்கிறது. இந்த மாதிரி அடிபட்டவர்களுக்கு வரக்கூடியது. விட்டால் தலைக்குள் ரத்தக்குழாய் வெடிக்கும்.

அண்ணி கத்தவில்லை. தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைத்தாள். கால்களைக் கீழே தொங்கவிட்டாள். உள்ளாடையைத் தளர்த்தினாள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை, பைக்குள் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினாள். எப்போதும் நூற்றைத் தாண்டாதவளுக்கு நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

"ஆம்புலன்ஸ் வருது. வாயைத் திறந்து மூச்சு விடு. என்னைப் பாரு. கண்ணை மூடாத."

ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது ஒரு பக்கம் அண்ணியும் பிடித்தாள். அவள் இடுப்பில் ஏதோ பிசகியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு கையால் இடுப்பை அழுத்தியபடி வண்டியில் ஏறினாள்.

மருத்துவமனையில் அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார்கள். அதை விவரிக்க வேண்டியதில்லை. அரை நாள் ஆயிற்று. அழுத்தம் இறங்கியது, தலைவலி விட்டது. அதற்குப் பிறகு தராசுக்கு நல்ல நினைவு இருந்தது, வாயும் இருந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் படத்தை விளக்கின்மேல் வைத்துக் காட்டினார். "இங்கேருந்து இங்க வரைக்கும் கெட்டியா அடைச்சிருக்கு. பத்து நாள் சாப்பாடு இருக்கும். இதுக்கு நிறுத்தற மாத்திரை வேற கொடுத்திருக்கீங்க."

எட்டு வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொடுத்த அதே நர்ஸ் அப்போதும் அந்த வார்டில்தான் இருந்தாள். தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை.

"உங்களுக்கு ஆறு வாரம் பாடம் எடுத்தேனே அம்மா, எதுக்கு? கசிஞ்சா முதல்ல விரல் விட்டுப் பாருங்கன்னு சொன்னேனா இல்லையா? வயித்தைத் தொட்டுப் பாத்தீங்களா? கல்லு மாதிரி இருந்திருக்குமே. புதுசா வர்றவங்க செஞ்சா சரி. நீங்களா? இன்னும் அரை நாள் விட்டிருந்தா இவங்க இல்ல."

நான்கு கட்டில் போட்ட அறை. மற்ற மூன்று கட்டிலும் அவர்களுடைய ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என் தப்புதான் சிஸ்டர்," என்றாள். "கம்மியா சாப்பிடறா, அடைக்காதுன்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சுட்டீங்களா!"

தராசு போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை விரலில் சுற்றினாள். நர்ஸ் போன பிறகும் சுற்றிக்கொண்டேயிருந்தாள்.

அன்றிரவு அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அண்ணி சொன்னாள்:

"உங்கண்ணன் வந்ததும் பேசப் போறேன். நர்ஸுங்க வெச்சுப் பாத்துக்கற விடுதி எதுலயாவது உனக்கு இடம் பாக்கட்டும்."

"அண்ணி..."

"கோவத்துல சொல்லல. எனக்கு என் புத்தி மேலயே நம்பிக்கை போயிடுச்சு. அளந்து அளந்து போட்டேன், கடைசில உன்னைக் கொல்லப் பாத்தேன். எங்க தப்பு பண்ணினேன்னே புரியல. புரியாதவ கையில நீ இருக்கக் கூடாது. இடுப்பும் போச்சு."

இரைந்து சொல்லவில்லை. மருந்துக்கடைச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். தராசுக்கு அழுகை வந்தது. அதைக்கூட அண்ணி வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, "வாரம் ஒருதரம் வந்து பாப்பேன்," என்றாள்.

வண்டியில் வரும்போது சொல்ல நினைத்தாள், ஓட்டுநர் இருந்தார். வீட்டு வாசலில் நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்க வந்துவிட்டாள். சாயங்காலம் அண்ணி அடுப்பில் சூப் வைத்தாள். அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். இடுப்பில் பட்டை கட்டியிருந்ததால் குனியாமல், முட்டியை மடக்கிக் கீழ்த்தட்டிலிருந்து கிண்ணங்களை எடுத்தாள். இரண்டும் சின்னக் கிண்ணங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினாள். தன்னுடையதிலிருந்து ஒரு கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டாள்.

"நீங்க ஏன் அதையும் கொறைக்கறீங்க?"

"ஒண்ணுமே இறங்கல. நெஞ்சடைக்குது."

அப்போதுதான் வாய் திறந்தது.

"அண்ணி, நான் உடைசல் தின்னேன்."

"என்ன உடைசல்?"

"பேக்கரில. உடைஞ்ச பிஸ்கட். தினமும். நீங்க கிண்ணம் வெக்கறதுக்கு முன்னாடியிருந்து."

அண்ணியின் கையில் கரண்டி நின்றது. "தினமும்னா? ஒண்ணு ரெண்டா?"

"இல்ல."

"எவ்வளவு?"

"கவனிக்கல அண்ணி."

"யாருகிட்ட சொல்ற?" அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "ஒரு பிஸ்கட் கொறைஞ்சா மெஷினைத் தூக்கி ஊதற கை உன்னோடது. கவனிக்கலையாம். எவ்வளவுடி?"

தராசு தன் இடது கையைப் பார்த்தாள். பொய் சொல்ல இனி இடமில்லை.

"முந்நூறு கிராம். போன வாரம் அரைக் கிலோ. ஒருநாள் அதுக்கும் மேல."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  சூப்பின் மேல் ஆடை படிந்தது.

"கசிஞ்ச அன்னைக்கு உன்னைக் கேட்டேன்."

"ஆமா."

"ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா அண்ணி."

"ஆஸ்பத்திரில அவ்வளவு பேர் முன்னாடி அந்தம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினப்ப, உனக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

அண்ணி தலையை ஆட்டினாள், ஏதோ கூட்டிப் பார்த்து விடை சரியாக வந்ததுபோல.

"எனக்கு நெஞ்சுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது அண்ணி," என்றாள் தராசு. "நிறுத்தணும்னே தோணாது..."

"அது எனக்குத் தெரியும். எட்டு வருஷமா உன் நெஞ்சுக்குக் கீழ என்ன இருக்குன்னு உன்னைவிட எனக்குத்தான் தெரியும். தின்னதுக்காக உன்னை நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உனக்குப் பசி தெரியாது. எனக்குத் தெரியுமேடி!" அண்ணியின் குரல் அங்கேதான் உடைந்தது. "அஞ்சு மாசமா அரை வயித்தோட படுத்தேனே, எதுக்கு? உனக்குத் துணைக்கு. ராத்திரி தூக்கம் வராம தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தேன். தூக்கறப்ப கண்ணு இருட்டும். நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்."

 மன்னிப்புக் கேட்கலாமென்றால் அந்த வார்த்தை அவளுக்கே மலிவாகப் பட்டது.

அண்ணி எழுந்தாள். சின்னக் கிண்ணத்தில் இருந்ததைப் பாத்திரத்தில் கொட்டினாள். பெரிய தட்டு ஒன்றை எடுத்தாள். நான்கு உருளைக்கிழங்கு, ரொட்டி, அதன்மேல் தாராளமாக வெண்ணெய், ஒரு குவளை சூப். நாத்தனாருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். வேகமாகவும் சாப்பிடவில்லை, மெதுவாகவும் சாப்பிடவில்லை. தீர்ந்ததும் எழுந்து இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துத் தின்றாள். பிறகு ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். தராசு அவ்வளவு நேரமும் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

"சாப்பிடு," என்றாள் அண்ணி. "அளவு சாப்பிடு. மருந்து போடணும்."

சாப்பிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "விடுதி பத்தி அண்ணன்கிட்ட..."

"உங்கண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ சொல்ல வேண்டியது வேற இடத்துல இருக்கு. காலைல எட்டு மணிக்கு அந்தம்மா டூட்டிக்கு வருவாங்க."

அன்று இரவு அண்ணி அவளைப் புரட்டிப் படுக்க வைத்தாள், தோலைப் பார்த்தாள், தலையணையை முட்டிகளுக்கு நடுவே சொருகினாள். இடுப்பு வலியில் ஒவ்வொன்றுக்கும் முனகினாள்.  வழக்கமாக விளக்கை அணைக்கும்போது ஏதாவது கிண்டல் செய்வாள். அன்று வெறுமனே அணைத்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு அண்ணி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். தராசு குடித்தாள். எட்டு மணிக்கு அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொலைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அண்ணி கையுறை மாட்டிக்கொண்டாள். வானொலியைப் போடவில்லை.

வார்டில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் அந்தக் குரல் வந்தது.

"சிஸ்டர், நேத்து வீட்டுக்கு வந்த தண்டுவட பேஷன்ட் பேசறேன். ரெண்டாவது கட்டில்."

"என்ன ஆச்சு? தலைவலியா?"

"இல்ல சிஸ்டர். ஒரு விஷயம் சொல்லணும். அண்ணி மேல தப்பு இல்ல. நான் வேலை செய்யற இடத்துல தினமும் முந்நூறு கிராம் பிஸ்கட் தின்னேன். எட்டு ஒம்பது மாசமா. கடைசி வாரம் அரைக் கிலோ. தண்ணியும் கொறைச்சுட்டேன். அண்ணி அடைப்பா இருக்குமோன்னு சந்தேகப்பட்டு ரெண்டு தடவை கேட்டாங்க. இல்லைன்னு பொய் சொன்னேன். நீங்க அவங்களைத் திட்டினப்பவும் சும்மா படுத்திருந்தேன்."

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது கேட்டது.

"முந்நூறு கிராம்னா நடமாடற ஆளுக்கே முக்கால் நாள் சாப்பாடு அம்மா," என்றாள் நர்ஸ். "உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது முழுக்க அதுலயே வந்துடும். சரி, இப்பவாவது சொன்னீங்க. நான் கேஸ் ஷீட்டுல எழுதிக்கறேன். அண்ணிகிட்ட குடுங்க."

"கையுறை போட்டிருக்கேன்," என்றாள் அண்ணி. "ஸ்பீக்கர்ல போடு."

தராசு போட்டாள்.

"அம்மா, நான் முந்தாநாள் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்."

"பேசினீங்க," என்றாள் அண்ணி. "விரல் விட்டுப் பாக்காதது என் தப்புதான், அது அப்படியே இருக்கட்டும். இப்ப எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். குடல் இளகறதுக்குக் குடுத்த மருந்து ராத்திரி குடுக்கறதா, காலைலயா? அப்புறம், இவ திங்கறதை நிறுத்தினா அளவு மாறுமே, அடுத்த முறை நாளைக்கு மறுநாளா, இல்ல கொஞ்ச நாளைக்குத் தினமும் பண்ணட்டுமா?"

"பத்து நாளைக்குத் தினமும் பண்ணுங்க. மருந்து ராத்திரி. உங்க இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. தூக்க இன்னும் ஒரு ஆள் வேணும். அதுக்கு என்ன செய்யறதுன்னு நாளைக்கு நேர்ல வந்து கேக்கறேன்."

"ரெண்டு பேரும் வாங்க."

"இவளைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்," என்றாள் அண்ணி. "இவ வாயால சொன்னாத்தான் இனிமே எனக்குக் கணக்கு."

தராசு தொலைபேசியை அணைத்துத் தலையணைக்கு அருகில் வைத்தாள். அண்ணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, "கையை முன்னாடி நீட்டி வெச்சுக்கோ," என்றாள். அவள் நீட்டி வைத்துக்கொண்டாள். அண்ணி மருந்தை வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கட்டிலோரம் நின்றாள்.